ஆற்றைக் கடந்தால் ஸ்ரீவைகுண்டம்

திருச்செந்தூர் ரயிலில் ஏறி ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் இன்னும் ஊருக்கு வந்து சேரவில்லை. ஸ்டேஷன் இருப்பது தென்கரையில், புதுக்குடியில். ஊர் இருப்பது வடகரையில். நடுவில் தாமிரபரணி. பள்ளி விடுமுறைக்கு ஆச்சி வீட்டுக்குப் போன நாட்களில், அணைக்கட்டுப் பாலத்தின் மேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் ஊருக்குள் நுழைவோம். மேற்கே தேங்கி நிற்கும் தண்ணீர், கிழக்கே வழிந்து விழும் தண்ணீர். அந்த இரைச்சலில் பேச்சே கேட்காது.

பொதிகையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி எல்லாம் தாண்டி வரும் ஆற்றுக்குக் குறுக்கே பழைய அணைக்கட்டுகள் எட்டு. ஏழு மன்னர்கள் காலத்தவை. எட்டாவதும் கடைசியுமானது ஸ்ரீவைகுண்டம் அணை, ஆங்கிலேயர் ஆட்சியில் 1870களில் கட்டி முடித்தது. இதைத் தாண்டினால் புன்னைக்காயல் கடல்தான் மிச்சம். வடகால், தென்கால் என்று இருபுறமும் பிரிகிற வாய்க்கால்கள் கோரம்பள்ளம் குளத்தையும் கடம்பாகுளத்தையும் நிரப்புகின்றன. காரும் பிசானமுமாய் நெல் விளைந்தது, வாழைத்தார் லாரி லாரியாகப் போனது, ஆத்தூர் வெற்றிலைக்குப் பேர் வந்தது எல்லாம் இந்தத் தண்ணீரால். மேலே உள்ளவர்கள் எடுத்தது போக வருவதுதான் எங்களுக்கு என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஆச்சி படித்துறையில் ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கண்டிப்பு. வாய் கொப்பளித்து ஆற்றில் துப்பக்கூடாது. “துப்பாதல, கீழ ஊர்க்காரனும் இதத்தாம்ல குடிக்கான்” என்பாள். விடியுமுன்னே குளித்து, ஈரப்புடவையோடு செப்புக்குடத்தில் தண்ணீர் மொண்டு இடுப்பில் வைத்து வருவாள். காப்பிக்கும் சோற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். கருப்பட்டிக் காப்பியை அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் குடித்திருக்கிறேன், அந்த ருசி அமையவில்லை.

சாயங்காலம் கள்ளபிரான் கோயில். திருடியதில் பாதியைக் கோயிலுக்குக் கொடுத்து வந்த காலதூஷகன் என்ற திருடனுக்காகப் பெருமாளே அவன் உருவில் அரசன் முன் போய் நின்றார் என்ற கதையை ஆச்சி சொல்லும்போது, திருடன் பக்கமே எங்கள் மனசு இருக்கும். சித்திரை 6ஆம் நாளும் ஐப்பசி 6ஆம் நாளும் விடிகாலை வெயில் உள்ளே போய்ப் பெருமாள்மேல் விழும் என்பார்கள். வைகாசியில் கள்ளபிரான் உள்பட நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது கருடன்மேல் வருவார்கள். அன்று அக்கம்பக்கத்து ஊர்களில் வீட்டில் ஆள் தங்காது.

குமரகுருபரர் இந்த ஊர்க்காரர். ஐந்து வயது வரை பேச்சு வராமலிருந்து, திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது ஊரில் தாலாட்டு மாதிரி வழங்கும் கதை. மதுரையில் திருமலை நாயக்கர் காலத்தில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேற்றி, கங்கைக் கரைக்குப் போய்க் காசியில் மடம் நிறுவினார். ஊரிலுள்ள கல்லூரிக்கு அவர் பெயர்தான்.

நான் அதிகம் நினைத்துக்கொள்வது கோட்டையை. ஊருக்குள் ஒரு மண்கோட்டை. உள்ளே கோட்டைப் பிள்ளைமார் குடும்பங்கள். அந்த வீட்டுப் பெண்கள் பிறந்தது முதல் இறக்கும்வரை கோட்டை வாசலைத் தாண்டுவதில்லை என்ற வழக்கம், 20ஆம் நூற்றாண்டின் பின்பாதி வரைக்கும் நீடித்தது. கமலா கணேஷ் என்ற ஆய்வாளர் அவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அந்த மதிலை ஒட்டி நடக்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வோம், யாரும் சொல்லாமலே. இவ்வளவு பக்கத்தில் ஆறு ஓட, அதில் ஒருநாளும் முங்கி எழாமலே தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வாழ்ந்து முடிந்திருக்கிறார்கள். ஊரின் பெருமைகளில் அந்தக் கோட்டையையும் சேர்த்துச் சொல்வோர் உண்டு. எனக்கு மனம் வரவில்லை. அந்த வழக்கம் ஒழிந்ததுதான் பெருமை.

தென்கரையிலேயே மேற்காகப் போனால் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. எங்கள் சிறுவயதில் அது ஆடு மேயும் செம்மண் மேடு. கால் இடறினால் முதுமக்கள் தாழி ஓடு. 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லின் போயின. 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியதில் கிடைத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் இரும்பு ஆயுதங்களும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. 114 ஏக்கர் மேட்டில் கிடைத்ததெல்லாம் வெளியூருக்குப் போய், பரம்பு மட்டும் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. 2023இல்தான் குழிகளுக்கு மேலே கண்ணாடி பதித்து, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்தார்கள். நூறாண்டு தாமதமானாலும் சரியான காரியம்.

அதே 2023 டிசம்பரில் ஆறு வேறு முகம் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள், சுற்றிலும் வெள்ளம். புதுக்குடிக்காரர்கள், தங்கள் வீடுகளே தண்ணீரில் நிற்க, கோயிலில் உலை வைத்து அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது அழுதுவிட்டேன். 

இப்போது போனால் படித்துறையில் நிற்கச் சங்கடமாக இருக்கிறது. மேலே உள்ள நகரத்துச் சாக்கடை கலந்து வரும் தண்ணீர், கரையோரம் பழந்துணியும் பிளாஸ்டிக்கும். அணைக்குள் மண் மேடிட்டு அமலைச் செடி படர்ந்திருக்கிறது. தூத்துக்குடி ஆலைகளுக்கென்று நாளொன்றுக்கு 2 கோடி கேலன் எடுக்கும் திட்டம் தீட்டியதும் இந்த அணையை நம்பித்தான். தூர்வாரும் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், 2015இல் வேலை தொடங்கியபோது, தூர் என்ற பேரில் மணல் போகிறது என்று மக்கள் மறித்து நின்றார்கள். அவர்கள் கோபம் நியாயம். அணையின் கொள்ளளவு குறையக் குறைய, மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் பஞ்சமும் என்று இரண்டு பக்கமும் அடிபடுவது கடைமடைதான்.

நவதிருப்பதிக்கு வேனில் வந்து ஒரே நாளில் ஒன்பது கோயிலும் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு அரைமணி நேரம் கூடுதலாக நின்று, அணைப்பாலம் வரை நடந்து வாருங்கள். ஆற்றில் துணியை விடாதீர்கள். அணையை ஒழுங்காகத் தூர்வாரச் சொல்லி உள்ளூர்க்காரர்கள் கேட்கும்போது, அவர்களோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள்.