செத்தவனுக்கு யார் ஒப்பாரி வைக்கிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள்.

வியாழக்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு தரம் 9 பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் விளையாடுகிறேன். "சேர் பாடம் எடுக்காம கட்டை உருட்டுறாராம்" என்று ராகலை டவுனில் ஒரு கதையும் ஓடியது. உருட்டுவது உண்மைதான். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாத்திரத்தை எழுதிக்கொண்டு வரும்: பெயர், தொழில், எதில் கெட்டிக்காரர், எதற்குப் பயம், கூடவே பத்து உயிர்ப் புள்ளி. நான் கதை சொல்வேன். ஆற்றில் வெள்ளம், பாலம் இல்லை, என்ன செய்வாய்? பதில் ஆங்கிலத்தில் வர வேண்டும். செய்ய முடிந்ததா இல்லையா என்பதை லூடோ கட்டை சொல்லும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் கூட இருந்த நண்பர் ஒருவர் காட்டித் தந்த விளையாட்டு இது.

இதில் ஒரு பையன் வைத்தியராக வந்தான். தோட்டத்துப் பிள்ளை. அதற்கு முன் என் வகுப்பில் ஆங்கிலத்தில் வாய் திறந்ததே இல்லை. வைத்தியரானதும் மற்றவர்களுக்குக் கட்டுப்போட, மருந்து கொடுக்க, திட்டக்கூட அவனுக்கு ஆங்கிலம் வந்தது. ஒரு நாள் வெள்ளத்தில் போன கூட்டாளியை இழுக்க ஆற்றில் குதித்தான். கட்டையில் ஒன்று விழுந்தது. புள்ளி முடிந்தது. "யூ ஆர் டெட்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன். செத்தவர் தவணை முடியும்வரை பின் வாங்கில் இருந்து பார்க்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அதையும் அன்றைக்குத்தான் சொன்னேன்.

அடுத்த வியாழன் அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. வகுப்பில் பழையபடி தலையைக் குனிந்துகொண்டான்.

தேத்தண்ணிக் கடையில் அவனுடைய தாத்தாவைக் கண்டேன். ஒரு காலத்தில் காமன் கூத்துப் பழக்கிய மனிதர். கோபமாக எதுவும் பேசவில்லை. "சேர், ஒங்க வெளாட்டுல செத்துப்போனா யாரு ஒப்பாரி வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

சின்ன வயதில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு காமன் கூத்துப் பார்த்திருக்கிறேன். நம்பிக்கை வேறு, ஆனால் மாசிக் குளிரில் தப்புச் சத்தம் கேட்டால் யாருக்குத்தான் வீட்டில் இருக்க முடியும்? அங்கே காமன் வேடம் போடுகிறவனுக்குத் தான் எரியப் போவது முதல் நாளே தெரியும். பார்க்கிறவர்களுக்கும் தெரியும். ஈசன் நெற்றிக்கண்ணைத் திறந்ததோடு கூத்து முடிந்துவிடாது. ரதி அழ வேண்டும். அந்த அழுகையைக் கேட்டு லயத்துப் பெண்கள் தங்கள் வீட்டுச் சாவை நினைத்து அழுவார்கள். அதற்குப் பிறகுதான் உயிர் எழுப்புதல். அதிலும் ஒரு நிபந்தனை: திரும்பி வந்த காமன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். தமிழ்நாட்டில் தஞ்சாவூர்ப் பக்கம் லாவணிக்காரர்கள் 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடியப் பாடுவார்களாம். ஒரு பாத்திரத்தின் சாவுக்கு அவ்வளவு மரியாதை. நான் கொடுத்தது மூன்று சொல்.

இந்த வகை விளையாட்டுக்குத் தாய் 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஆரம்பத்தில் அவர்களுடைய சட்டமும் என்னுடையது போலத்தான், புள்ளி முடிந்தால் ஆள் முடிந்தார். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் விழுந்தவர் உடனே சாவதில்லை. தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகக் கட்டையை உருட்டுவார். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி முதலில் சேர்ந்தால் மூச்சு நிற்காது, மூன்று தோல்வி சேர்ந்தால் மௌத்து. அந்த இடைவெளியில் மற்றவர்கள் ஓடிவந்து காப்பாற்றலாம். எனக்குப் பிடித்தது அந்த இடைவெளிதான். விழுந்தது ஒருவர், வேலை மற்ற எல்லோருக்கும். நம்மில் ஜனாஸாத் தொழுகை ஃபர்ளு கிஃபாயா என்று சொல்வோமே, சிலர் செய்தால் ஊர்மேல் உள்ள கடமை நீங்கும், ஒருவருமே செய்யாவிட்டால் ஊருக்கே பாவம். விளையாட்டையும் மார்க்கத்தையும் ஒன்றாக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது அதுதான்.

சட்டத்தை மாற்றினேன். நம்மிடம் ஆறு முகக் கட்டைதானே, நான்கு, ஐந்து, ஆறு விழுந்தால் வெற்றி. காப்பாற்ற வருகிறவர் என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் முழு வசனமாகச் சொல்ல வேண்டும். அப்படியும் செத்துவிட்டால் ஒவ்வொருவரும் அந்தப் பாத்திரத்தைப் பற்றி ஒரு வசனம் சொன்ன பிறகே கதை நகரும். அடுத்த வாரம் அவர் புதிய பாத்திரத்தோடு வரலாம். பழைய ஆள் திரும்பி வருவதில்லை. திரும்பலாம் என்று விட்டால் வெள்ளத்துக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். இதையெல்லாம் முதலிலேயே கரும்பலகையில் எழுதிவிட்டேன்.

பையனைக் கூப்பிட்டு, நான் செய்தது பிழை என்று சொன்னேன். வைத்தியரைத் திருப்பித் தரட்டுமா என்றும் கேட்டேன், என் சட்டத்தையே மீறி. வேண்டாம் என்றான். அந்த வியாழன் பதினொரு பிள்ளைகள் வைத்தியருக்காக ஆளுக்கொரு வசனம் சொன்னார்கள். ஒரு பிள்ளை, அவர் எங்களிடம் காசு வாங்கவில்லை என்று சொன்னது. இலக்கணப் பிழைகளை நான் திருத்தவில்லை. அவன் இப்போது வைத்தியரின் தங்கையாக விளையாடுகிறான். அண்ணனின் மருந்துப் பை அவளிடம் இருக்கிறது.

எங்களிடம் இரண்டே கட்டைதான் உண்டு, ஒன்றின் புள்ளிகள் அழிந்துவிட்டன. வீட்டில் பழைய லூடோ இருந்தால் கட்டையைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். பலகை தேவையில்லை.