அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

நெய்வேலி டவுன்ஷிப்பில் வேலை பார்த்த காலத்தில் நான் ஒரு நடைக்குழுவை நடத்திவந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் ஆர்ச் கேட் அருகே வேன் வந்து நிற்கும். மலையடிவாரங்களையும் பழைய ஊர்களையும் தேடிப் போவோம். அந்த வேனை ஓட்டியவருக்கு நான் செய்த அவமரியாதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியதை உரிய காலத்தில் சொல்லத் தவறினேன். அதனால் ஊரறியச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் மலை கிடையாது. செம்மண்ணும் முந்திரிக்காடும்தான். மலை வேண்டுமென்றால் மேற்கே விருத்தாசலம் தாண்டிக் கல்வராயன் மலைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் வடக்கே செஞ்சி. எனக்குச் செஞ்சிமேல்தான் பித்து. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்ற மூன்று குன்றுகளையும் வளைத்துக் கட்டிய கோட்டையை எல்லோருக்கும் தெரியும். 2025 ஜூலையில் மராத்தியக் கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. நான் கூட்டிப்போனது அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு. சிங்கவரத்தில் பல்லவர் குடைவரைக்குள் பள்ளிகொண்ட அரங்கநாதர். திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இரண்டு வரிசையாக 24 தீர்த்தங்கரர்கள். பக்கத்திலேயே 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய கல்வெட்டு. இன்னும் கொஞ்சம் தள்ளி மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் மும்மூர்த்திகளுக்கு எடுத்த கோயில் என்று மகேந்திரவர்மன் அங்கே வெட்டி வைத்திருக்கிறான். இதையெல்லாம் பாறை நிழலில் நின்று விளக்கிச் சொல்லும்போது எனக்கு உள்ளூரப் பெருமை பொங்கும். வேன்காரரும் ஓரமாக நின்று கேட்பார்.

அவர் என்னைவிட வயதில் மூத்தவர். என்னை ‘சார்’ என்பார். நான் அவரை ‘வாப்பா, போப்பா’ என்பேன். டவுன்ஷிப்பில் அதிகாரியாக இருந்தவர்கள் வெளியாட்களிடம் பேசும் பேச்சு அது. அதில் தவறிருப்பதாக அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒருமுறை செஞ்சியிலிருந்து திரும்பும் வழியில் பண்ருட்டியில் டீக்கு நிறுத்தினோம். அடுத்து எங்கே போகலாம் என்று பேச்சு வந்தது. அவர் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி என் பக்கம் வந்தார். “சார், ஒரு ஞாயித்துக்கெழம நம்ம ஊருப் பக்கம் போலாமா? சொரங்கத்துக்குப் போன ஊருதான். மண்மேட்டோரமா பழைய வண்டிப்பாட்ட கொஞ்ச தூரம் இன்னும் கெடக்கு. அய்யனாரு இருந்த எடம், ஏரிக்கர எல்லாம் நான் காட்றேன்” என்றார்.

“அங்க பாக்க என்னப்பா இருக்கு?” என்றேன்.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டு, கிளாஸைக் கடைப்பலகையில் வைத்துவிட்டு, வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகும் எத்தனையோ முறை எங்களை அழைத்துப் போனார். ஊரைப் பற்றி மறுபடி வாய் திறக்கவில்லை. எந்த ஊர் என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை.

இதை வாய்தவறி வந்த பேச்சு என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. வரலாறு என்றால் கல்வெட்டு இருக்க வேண்டும், அரசன் பெயர் இருக்க வேண்டும், நூற்றாண்டு சொல்ல வேண்டும் என்று நான் நம்பியது உண்மை. ஆனால் அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி இன்னும் மோசமானது. அந்த மண்மேட்டோரம் நடந்து போனால் இந்த மனிதர் எதையெல்லாம் இழந்தார் என்று கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் பதில் வரும். என் குவார்ட்டர்ஸ், மரம் அடர்ந்த அகலத் தெரு, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே அந்தச் சுரங்கப் பள்ளத்திலிருந்து வந்தவை. பதிலைக் கேட்டபிறகு அந்தத் தெருவில் பழையபடி நடக்க முடியாதோ என்று பயந்தேன். எனக்குத் தெரியாமல் போகவில்லை. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டும்போது கறுப்பாக ஏதோ கலந்து வந்ததிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வெட்டைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். மறு ஆண்டே சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. தமிழ்நாடு இருட்டிலிருந்து மீண்டதில் இந்த ஊருக்குப் பெரும் பங்கு உண்டு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் இது திறந்தவெளிச் சுரங்கம். ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கனமீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும். பக்கெட் வீல் இயந்திரம் மண்ணை வெட்டும். கன்வேயர் சுமந்து போகும். மறுகோடியில் ஸ்ப்ரெடர் கொட்டும். கொட்டிக் கொட்டித்தான் எங்களுக்கு மலை உண்டானது. மழை பெய்த மறுநாள் அந்த மேட்டின் பக்கவாட்டைப் பார்த்தால் செம்மண், மஞ்சள் மணல், வெள்ளைக் களிமண் என்று நிறம் நிறமாக ஓடை அரித்து இறங்கியிருக்கும். அடியில் கிடக்க வேண்டியது மேலேயும் மேலே இருந்தது அடியிலுமாகக் கலந்து கிடக்கும் மண் அது. எந்த வயல், எந்த ஏரிக்கரை அதில் எங்கே கிடக்கிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்துக்கு வேலுடையான்பட்டு முருகன் கோயிலுக்குக் காவடி பார்க்கப் போவோம். டவுன்ஷிப்புக்குள்ளேயே இருக்கும் அந்தக் கோயிலின் பெயரில் ஒரு பழைய ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த ஊர்க்காரர்கள் எங்கே என்று ஒரு பங்குனிக்கும் நான் யோசித்ததில்லை.

ஓய்வு பெற்றபின் மகனோடு இருக்க இத்தாலிக்குப் போனேன். அவனுக்கு டூரினில் வேலை. அங்கிருந்து பார்த்தாலே ஆல்ப்ஸ் தெரியும். 1863இல் குவின்டினோ செல்லா அந்த நகரில் தொடங்கிய இத்தாலிய ஆல்ப்ஸ் சங்கம் இன்றும் நடைபாதைகளைப் பராமரிக்கிறது. பாறையிலும் மரத்திலும் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டையடித்து வழி காட்டுகிறது. செஸ்ட்நட் காடுகளுக்குள் ஏறி, கல்லை அடுக்கிக் கூரை போட்ட வீடுகள் கொண்ட சிற்றூர்களுக்குப் போனோம். பல ஊர்களில் ஆள் இல்லை. போருக்குப் பின் தொழிற்சாலை வேலைக்குக் கீழே இறங்கியவர்கள் திரும்பி ஏறவில்லை.

குனேயோ நகருக்கு மேலே, ரித்தானா ஊராட்சியில், சுமார் 1,360 மீட்டர் உயரத்தில் பாராலூப் என்றொரு குடியிருப்பு. 1943 செப்டம்பருக்குப் பின் பாசிசத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்தவர்களின் முதல் குழுக்களில் ஒன்று அங்கே தங்கியது. பின்னாளில் பாழடைந்து கிடந்த அந்தக் கல்வீடுகளை நுத்தோ ரெவெல்லி அறக்கட்டளை மீட்டெடுத்தது. இடிந்த சுவரை இடிந்தபடியே விட்டு, அதற்குள் புது மரத்தில் அறை கட்டியிருக்கிறார்கள். எது போனது, எது மிஞ்சியது என்று பார்த்ததும் தெரிகிறது.

யார் இந்த ரெவெல்லி என்று மகனிடம் கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டு நான் ஒரு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். ரெவெல்லி ரஷ்யப் போர்முனையிலிருந்து உயிர் தப்பி வந்த ராணுவ அதிகாரி. பிறகு எதிர்ப்புப் படையில் போராடியவர். போர் முடிந்ததும் குனேயோவில் இரும்பு வியாபாரம் செய்தார். அந்த வியாபாரத்துக்கு இடையே கிடைத்த நேரத்தில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்து ஏழைக் குடியானவர்களின் வீடுகளுக்குப் போனார். அவர்கள் பேசும் வட்டார மொழியிலேயே பேசவிட்டுப் பதிவு செய்தார். அது 1977இல் புத்தகமாக வந்தது. ‘தோற்றவர்களின் உலகம்’ என்று அதன் பெயர். 1985இல் பெண்களின் வாக்குமூலங்களைத் தனியாகக் கொண்டுவந்தார். அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்ல. என்னைப்போல வாரம் முழுக்க வேலை இருந்தவர். எனக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. அவர் ஊர் ஊராகத் தேடிப்போய் அந்த மனிதர்களைப் பேச வைத்தார். என்னிடம் ஒரு மனிதர் தானே வந்து, காட்டுகிறேன் வாருங்கள் என்றார்.

அதே நாட்டில் ரேசியா ஏரியைப் பற்றியும் பின்னர் படித்தேன். 1950இல் மின்சாரத்துக்காக குரோன் என்ற ஊரை மூழ்கடித்தார்கள். 163 வீடுகள் போயின. 14ஆம் நூற்றாண்டு தேவாலயத்தின் கோபுரம் மட்டும் இன்றும் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. எங்கள் ஊர்கள் தண்ணீருக்கடியில் போகவில்லை, தோண்டி எடுக்கப்பட்டன. நிற்பதற்கு ஒரு கோபுரமும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில், இருந்ததைக் கண்ணால் கண்டவர்கள் சொன்னால்தான் உண்டு.

திரும்பி வந்ததும் வேன்காரர் வீட்டை விசாரித்துக்கொண்டு மாற்றுக்குடியிருப்புக்குப் போனேன். அவர் இறந்துபோன செய்தியே அங்கேதான் தெரிந்தது. அவர் மனைவி திண்ணையில் பாய் விரித்து உட்காரச் சொன்னார். ஊரைப் பற்றிக் கேட்டேன். “நான் வாக்கப்பட்டு வந்தப்பவே அந்த ஊரு போயிடுச்சு சார். அய்யனாரு, ஏரின்னு அவருதான் எப்பவும் சொல்லிக்கிட்டு இருப்பாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். ஊரின் பெயரைச் சொன்னார். அதைத் தவிர வேறெதுவும் அங்கே கிடைக்கவில்லை. நான் அவர் புருஷனிடம் பேசிய பேச்சை அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. காபி போடட்டுமா என்று எழுந்து போனார். அவர் மன்னித்தார் என்று நான் எழுத மாட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

வேன்காரர் சொன்ன வண்டிப்பாட்டையைத் தேடி மண்மேட்டோரம் நடந்து பார்த்தேன். எங்கும் முந்திரியும் தைலமரமும் முள்ளும்தான். எது பாட்டை, எது வெறும் தடம் என்று எனக்குத் தெரியவில்லை. மகேந்திரவர்மன் காலத்து எழுத்தை விளக்கத் தெரிந்தவனுக்கு, என் காலத்தில் அழிந்த ஓர் ஊரின் எல்லையைக் காட்டத் தெரியவில்லை.

நெய்வேலியில் இருப்பவர்களுக்கும் இந்தப் பக்கம் நடக்க வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கத்தாழை, கரிவெட்டி, மும்முடிச்சோழகன், வளையமாதேவி ஆகியவை இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் கேட்கப்பட்ட ஊர்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிருக்குள் இயந்திரத்தை இறக்கிக் கால்வாய் வெட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்ப் பக்கம் செய்தி ஓய்ந்த பிறகும் போங்கள். பெரியவர்களோடு வரப்பில் நடங்கள். எந்த மடைக்கு என்ன பெயர், எந்த மேட்டில் எந்தச் சாமி, களம் எங்கே இருந்தது, சுடுகாட்டுக்கு எந்த வழி என்று கேளுங்கள். கையில் இருக்கும் போனிலேயே அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். மாற்றுக்குடியிருப்புகளில் முதல் சுரங்கத்துக்கு ஊரைக் கொடுத்த தலைமுறையில் ஒரு சிலராவது இருப்பார்கள். முதலில் அவர்களிடம் போங்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது.