சிஆர் வந்தாச்சு, வண்டி எங்கே நிக்குது?

பொட்டி தட்டுற மக்கள்கிட்ட 'சிஆர்'னு ரெண்டே எழுத்து சொல்லிப் பாருங்க, மூஞ்சி மாறும். சேஞ்ச் ரிக்வெஸ்ட். எல்லாம் பேசி முடிச்சு, கையெழுத்தும் வாங்கி, பாதி வேலை தாண்டினதுக்கு அப்புறம் "ஒரு சின்ன மாற்றம்தான்"னு ஆரம்பிக்கிற அந்த மடல். உடனே டீக்கடைக்குப் போய் கிளையன்ட்டைத் திட்டுவோம். அது நம்ம குலவழக்கம் :-)

நான் ஆணி புடுங்குறது ஓசூர் சுத்துவட்டார சின்னத் தொழிற்கூடங்களுக்கான பில்லிங், ஸ்டாக் மென்பொருள்ல. இங்க வந்தப்புறம் ஒண்ணு புரிஞ்சது. வர்ற சிஆர்ல பெரும்பாலானதை கிளையன்ட் கேட்கவே இல்லை. அவருக்கும் அது மேல இருந்து வந்து விழுந்ததுதான். அப்போ திட்டி என்ன பிரயோஜனம்? அதைவிட, எந்த சிஆர்லயும் எழுதாம விட்டுப்போற ஒரு கேள்வியைப் பத்திப் பேசலாம். மாற்றம் அமலுக்கு வர்ற அன்னிக்கு நடுவழியில நிக்கிறது என்ன ஆகும்?

இது மென்பொருளுக்கு மட்டும் இல்லைங்க. 2017 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-4 தரம்னு வாகன உலகத்துக்கே முன்னாடியே தெரியும். ஆனா ஏற்கெனவே செஞ்சு ஷோரூம்ல நிக்கிற பிஎஸ்-3 வண்டிகளை அப்புறமும் விக்கலாமா கூடாதாங்கறதுல இழுபறி. மார்ச் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் "கூடாது"ன்னு சொல்லிடுச்சு. கையில இருந்தது ரெண்டே நாள். நாடு முழுக்க விக்காம நின்ன வண்டி 8 லட்சத்துக்கும் மேல, அதுல பெரும்பாலானது டூவீலர். தள்ளுபடின்னு ஷோரூம் வாசல்ல ஜனம் அலைமோதினது ஞாபகம் இருக்கும். டிவிஎஸ்ஸும் அசோக் லேலண்டும் ஆலை வச்சிருக்கிற ஊர் ஓசூர். புது வண்டி எப்படி இருக்கணும்னு முதல்லயே எழுதி வச்சாங்க. பழைய வண்டியை என்ன செய்யிறதுங்கற பதில் கடைசி வாரத்துலதான் வந்தது.

இப்போ நம்ம பொட்டிக்கு வருவோம். எங்க ஊர் பூகோளம் கொஞ்சம் வில்லங்கம். ஓசூர் சிப்காட்ல இருந்து சென்னைக்கு 300 கிலோமீட்டர் சரக்கு அனுப்பினா அது மாநிலத்துக்குள்ள, பில்லுல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு ரெண்டு வரி. ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, பொம்மசந்திராவுக்கு அனுப்பினா 20 கிலோமீட்டர் கூட இல்லை, ஆனா வெளிமாநிலம். ஐஜிஎஸ்டி. ஜிஎஸ்டி எண்ணோட முதல் ரெண்டு இலக்கம் 33-ஆ 29-ஆங்கறதுதான் எங்க நிரல்ல அதிகமா ஓடுற 'இஃப்' கண்டிஷன்.

நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்தது ஒண்ணு. 2018 பிப்ரவரி 1-ஆம் தேதி நாடு முழுக்க இ-வே பில்னு அறிவிச்சாங்க. அன்னிக்கே தளம் பளு தாங்காம படுத்துடுச்சு, அன்னிக்கே தள்ளியும் வச்சாங்க. அரசாங்கமும் ரிலீஸை ரோல்பேக் பண்ணும்னு தெரிஞ்சப்ப எனக்கு ஒரு அல்ப திருப்தி :-) மறுபடி ஏப்ரல் 1-ல வெளிமாநிலப் போக்குவரத்துக்கு வந்தது. மாநிலத்துக்குள்ள ஓடுற சரக்குக்கும் அன்னிக்கே ஆரம்பிச்சது கர்நாடகா மட்டும். தமிழ்நாட்டுல ஜூன் 2-ஆம் தேதிதான். அதாவது ரெண்டு மாசத்துக்கு ஓசூர் பட்டறையில ஏத்துற வண்டி வலது பக்கம் திரும்பினா ஒரு சட்டம், இடது பக்கம் திரும்பினா வேற சட்டம். இன்னிக்கும் வெளிமாநிலத்துக்கு வரம்பு 50,000 ரூபாய், தமிழ்நாட்டுக்குள்ள 1 லட்சம்.

இதுல எங்க ஊருக்குன்னே தச்ச மாதிரி ஒரு விதி. வேற மாநிலத்துல இருக்கிற ஜாப் ஒர்க் பட்டறைக்குச் சரக்கு அனுப்பினா, மதிப்பு எவ்வளவா இருந்தாலும் இ-வே பில் கட்டாயம். பொம்மசந்திராவுல இருந்து ரெண்டாயிரம் ரூபாய் பெறுமான ஒரு கிரேட் பாகம் பிளேட்டிங்குக்கு ஓசூர் வந்தாலும் காகிதம் வேணும். வரம்புத் தொகையை மட்டும் பார்த்து நிரல் எழுதினா, டாட்டா ஏஸ் ரோட்டுல நிக்கும்.

சரி, சமீபத்திய கதை. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி வரி அடுக்குகளை மாத்தினாங்க. அமல் செப்டம்பர் 22. நடுவுல 19 நாள். ஒரு கிளையன்ட்கிட்ட இருந்து வந்த சிஆர் ஒரே வரி: "ஜாப் ஒர்க் 12-ஐ 18 ஆக்கவும். வாகன பாகம் 28-ஐ 18 ஆக்கவும்." டேமேஜர் போட்ட மதிப்பீடு அரை நாள்.

நல்லா கவனிங்க. சொந்தமா இரும்பு வாங்கிப் பாகம் செஞ்சு வித்தா 28-ல இருந்து 18-க்கு இறக்கம். அடுத்தவர் குடுத்த இரும்புல வேலை மட்டும் செஞ்சு குடுத்தா 12-ல இருந்து 18-க்கு ஏத்தம். ஒரே பட்டறை, ஒரே மெஷின், ஒரே நாள். "ரெண்டும் 18-தானே, ஒரே வரிசையா சேர்த்துடலாமே"ன்னு டீம்ல ஒரு யோசனை வந்தது. "2017-ல ஜாப் ஒர்க் 18-தானே இருந்துச்சு, அந்தப் பழைய வரிசையையே உசுப்பி விட்டுடலாம்"னு இன்னொண்ணு. ரெண்டும் வேண்டாம்னு உட்கார்ந்து பேசினோம். எண்ணை மாத்தக் கூடாது, தேதியைச் சேர்க்கணும். 2017 ஜூலை 1 முதல் 18. 2019 அக்டோபர் 1 முதல் 12. 2025 செப்டம்பர் 22 முதல் 18. மூணும் மூணு வரிசையா இருந்தாத்தான், ஆகஸ்ட் பில்லுக்கு அக்டோபர்ல கிரெடிட் நோட் போடும்போது பழைய 12 வரும்.

அப்பவும் அந்தக் கேள்வி பாக்கி. 20-ஆம் தேதி வேலை முடிஞ்சு சரக்கு போயாச்சு, பில் 25-ஆம் தேதி, பணம் எப்போன்னு ஆண்டவனுக்கே தெரியும். 12-ஆ 18-ஆ? சட்டத்துல பதில் இருக்கு. வேலை குடுத்த தேதி, பில் தேதி, பணம் வந்த தேதி, இந்த மூணுல ரெண்டு எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கத்து வரி. மேல சொன்ன கணக்குல பில்லும் பணமும் 22-க்கு அப்புறம். அதனால 18. பில்லை 21-ஆம் தேதிக்குள்ள போட்டிருந்தா 12. இதைச் சொல்லி, முடிஞ்சும் பில் போடாம கிடந்த சலான் பட்டியலை எடுத்துக் குடுத்தோம். அரை நாள் வேலை நாலு நாள் ஆச்சு. டேமேஜர் மூஞ்சியைப் பத்தி நான் எதுவும் சொல்றதா இல்லை.

பட்டியலைக் குடுக்கப் போனப்போ பட்டறை முதலாளி அண்ணன் அதை முழுசாப் பார்த்தார்.

"தம்பி, இதெல்லாம் சரி. லட்ச ரூபா பில்லுக்கு முன்ன 12,000 கட்டினேன், இனிமே 18,000. பார்ட்டி 90 நாள் கழிச்சுத்தான் குடுப்பான். வரியை அடுத்த மாசம் 20-ஆம் தேதியே கட்டணும். நடுவுல யார் பணம்?"

"45 நாளுக்குள்ள குடுக்கணும்னு சட்டம் இருக்குண்ணே."

"சட்டம் இருக்கு தம்பி. நான் கேட்டா அடுத்த ஆர்டர் இருக்காது."

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. வரி ஏறினதை பெரிய கம்பெனி உள்ளீட்டு வரவுல எடுத்துக்கும். எங்க செலவு பராமரிப்பு ஒப்பந்தத்துல அடங்கிடும். மேல இருந்து ஆளாளுக்குக் கீழ தள்ளி விட்ட மாற்றம், தள்ளி விட ஆளே இல்லாத அண்ணன்கிட்ட வந்து நிக்குது.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே கேட்டார். "பணம் வராத பில்லுக்கு இந்த மாசம் நான் கட்டப்போற வரி எவ்வளவுன்னு ஒரே இடத்துல காட்டுவியா?"

ஒப்பந்தப்படி அரசாங்க மாற்றம் இலவசம், கிளையன்ட் கேட்கிற மாற்றத்துக்குக் காசு. அவர் கேட்காதது சும்மா வந்தது, அவரா கேட்டது விலைக்கு! ரெண்டு நாளுக்கு மதிப்பீடு அனுப்பினோம். பேரம் பேசாம அன்னிக்கே ஒப்புதல் குடுத்தார். இப்போ மாசம் பொறந்தா அவர் முதல்ல திறக்கிற திரை அதுதானாம். எந்த பார்ட்டிக்கு முதல்ல போன் போடணும்னு அதுல தெரியுது.

மாற்றமே வேண்டாம்னு நான் சொல்லலை. நல்லபடியா வந்த மாற்றமும் உண்டு. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர்ல 500 கோடி வியாபாரக்காரங்ககிட்ட ஆரம்பிச்சு, 100, 50, 20, 10னு படிப்படியா இறங்கி, 2023 ஆகஸ்ட்ல 5 கோடிக்கு வந்தது. சின்னவங்க முறை வர்றதுக்குள்ள ஓட்டை உடைசல் எல்லாம் பெரியவங்க கணக்குல சரியாகி இருந்தது.

எங்க சிஆர் படிவத்துல இப்போ ரெண்டு வரி கூடுதலா இருக்கு. 'அமல் தேதி அன்று பாதியில் இருப்பவை எவை? அவற்றுக்கு எந்த விதி?' இதை நிரப்பாம மதிப்பீடு போடறதில்லைன்னு வச்சிருக்கோம். நிரப்பச் சொன்னா போன் வருது, திட்டு விழுது, ஆனா எல்லாரும் நிரப்புறாங்க.

சரி மக்களே, புது ஆணி ஒண்ணு மேஜையில வந்து விழுந்திருக்கு. 'ஒரு சின்ன மாற்றம்தான்'னு போட்டிருக்கு. பார்த்துட்டு வர்றேன் :-)