சாதி நாய்

தெருவில் எடுத்த குட்டியைச் சிப்பிப்பாறைக் கலப்பு என்று சொல்லி ஒருவர் தலையில் கட்டினேன். நல்ல எண்ணத்தில் சொன்ன பொய் என்று ரொம்ப நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அதைக் காப்பாற்ற அந்தக் குட்டிக்கு என்ன செய்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

உசிலம்பட்டியில் தேனி ரோட்டுச் சாக்கடை ஓரம் கிடந்தவன். செவலை நிறம், கூர்மூஞ்சி, காது மடலுக்குள் கொத்தாக உண்ணி. தூக்கி வந்த பிறகு செய்ய வேண்டியதை ஒழுங்காகவே செய்தேன். பசும்பால் கொடுத்தால் வயிற்றால் போகும் என்று, குழைந்த சோற்றில் அவித்த முட்டையைப் பிசைந்து வைத்தேன். குடற்புழு மருந்து கொடுத்தேன். பார்வோ நோய்த் தடுப்பூசியை ஒன்றோடு நிறுத்தவில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் மிச்சமிருந்தால் முதல் ஊசி பிடிக்காமல் போய்விடும், மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். கழுத்துப்பட்டை, ராத்திரியில் தனியாகப் படுப்பது, ஆடுகளைக் கண்டால் பாயாமல் இருப்பது எல்லாம் பழக்கினேன்.

ஆள்தான் கிடைக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "சாதி நாயா?" என்றுதான். எங்கள் பக்கம் நாய் என்றால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. ராஜபாளையத்துக்கு 2005-இல் தபால்தலையே வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் இந்த நான்கின் பெயரையும் சொன்னார். பெருமைப்பட வேண்டிய நாய்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பேரில்லாத குட்டியைச் சும்மா கொடுத்தாலும் வாங்கிப் போக ஆளில்லை.

எழுமலைப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் போனில் கேட்டார். "என்ன சாதி தம்பி?"

"சிப்பிப்பாறைக் கலப்புண்ணே."

யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் நிறைய யோசித்தேன்.

சிப்பிப்பாறைக்கு அடையாளம் ஒடுங்கிய மூஞ்சி, நீண்ட கால், இறங்கிய நெஞ்சு, அதற்குக் கீழே உள்ளே ஏறிய வயிறு. என்னிடம் வந்தபோது இவன் வயிறும் ஒட்டித்தான் இருந்தது, பசியில். என் வீட்டுச் சோற்றில் உருண்டு திரண்டிருந்தான். தோப்புக்காரர் வருகிற நாள் தெரிந்ததும் மதியச் சோற்றை நிறுத்தினேன். பிறகு ராத்திரிச் சோற்றையும் பாதியாக்கினேன். வெறும் தட்டை நக்கி நக்கித் திண்ணைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே போவான். அலுமினியத் தட்டு சிமெண்டுத் தரையில் உரசுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். வீட்டில் கேட்டபோது, "வயிறு சரியில்லை, கொஞ்சம் காயட்டும்" என்றேன்.

அவர் வந்து குனிந்து விலாவைத் தடவிப் பார்த்தார். "அம்சமா இருக்கு தம்பி" என்றார்.

ஆறேழு மாதத்தில் போன் வந்தது. "வாலு முதுகு மேல சுருளுதே, சிப்பிப்பாறைக்கு இப்படியா இருக்கும்?" கலப்பென்றால் அப்படித்தான் என்றேன், கூசாமல். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை. அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். வீட்டு வாசலில் விலை கொடுத்து வாங்கிய நிஜச் சிப்பிப்பாறை படுத்திருந்தது. இவன் தோப்புக் கடைசியில், மோட்டார் ரூம் பக்கத்தில், குட்டைச் சங்கிலியில்.

அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். "சாதியப் பேச்சுக்குக் கேட்டேன். தோப்புக் காவலுக்குத் தெருநாயே போதும் தம்பி. நீ அப்பவே சொல்லியிருந்தா அதுக்குன்னு மனசு வச்சு வளத்திருப்பேன். இதப் பாக்குறப்பெல்லாம் ஏமாந்துட்டோமேன்னு எரிச்சல்தான் வந்துச்சு" என்றார். நிஜமாகவே எடுத்திருப்பாரா, தெரியாது. எடுத்திருக்க மாட்டார் என்று அவருக்காக முடிவு செய்தவன் நான். பிறப்பைக் கேட்பது தப்பு என்று ஊருக்கெல்லாம் பேசுகிறவன், கேட்ட மாத்திரத்தில் ஒரு பிறப்பைத் தயார் செய்து நீட்டியிருக்கிறேன்.

அவனைத் திரும்பக் கூட்டி வந்துவிட்டேன். இப்போது அவன் என் வீட்டில் இருக்கிறான். கருத்தடை செய்தாயிற்று. தட்டுக்குப் பக்கத்தில் யார் போனாலும் உறுமுகிறான். மெல்லாமல் அள்ளி விழுங்குகிறான். சற்றுத் தள்ளி நின்று, தட்டில் இருப்பதைவிட ருசியான கறித்துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு விலகுகிறேன். ஆள் பக்கத்தில் வந்தால் சோறு கூடும், குறையாது என்று அவன் நம்பும்வரை செய்ய வேண்டிய வேலை அது. நம்புகிற நாளும் உண்டு, நம்பாத நாளும் உண்டு.

மறுபடி வீடு தேடுகிறேன். தெருநாய் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உறுமுவதையும் மறைப்பதில்லை. ஏன் உறுமுகிறான் என்று கேட்பவர்களுக்கு மட்டும், "தெருவில் பட்ட பசி" என்று சொல்லி வந்தேன். அதுவும் பொய்தான். அவனைப் பட்டினி போட்டது நான்.