சாமிநாதபுரம் தாண்டினால் வேறு சட்டம்

2021 ஜூன் 28 அன்று, கொரோனா ஊரடங்கு தளர்ந்து, பஸ் ஓடத் தொடங்கியது. தளர்வுக்காக அரசு மாவட்டங்களை வகை பிரித்ததில் திண்டுக்கல் மாவட்டம் 23 மாவட்டங்கள் கொண்ட இரண்டாம் வகையில் இருந்தது. பாதி இருக்கையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பழனியிலிருந்து மதுரைக்குப் பஸ் போகலாம் என்றார்கள். ஆனால் பக்கத்தில், திருப்பூர் மாவட்டத்தில் இருக்கும் உடுமலைக்குப் பஸ் இல்லை. திருப்பூர், கோவை, ஈரோடு உள்ளிட்ட 11 மாவட்டங்களில் தொற்று அப்போது இன்னும் குறையவில்லை என்பதால் அவை முதல் வகையில் இருந்தன.

தொற்று அதிகமிருந்த இடத்தில் கட்டுப்பாடு நீடித்தது சரிதான். எனக்கிருந்த பயம் வேறு. நம் பழனி ஊர்க்காரர்களில் எத்தனை பேர் உடுமலை, திருப்பூர் பக்கம் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்கள்! எல்லையிலுள்ள சாமிநாதபுரத்தைத் தாண்டினால் திருப்பூர் மாவட்டத்து மடத்துக்குளம்; பைக்கில் போய் வருகிறவரை எந்த மாவட்டக் கோடு தடுக்கும்? மாவட்டம் முழுவதற்கும் ஒரே தொற்று எண்ணிக்கை சொன்னால் கொடைக்கானல், நத்தம், பழனி எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. எல்லைத் தாலுகாவில் என்ன நடக்கிறது என்பது அதில் தெரியாது.

அதற்காக எல்லாவற்றையும் மூடியே வையுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழனி மலைக்கோயிலில் பக்தர்களுக்கு அப்போது இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை, பூக்கடை, குதிரை வண்டி, முடி எடுக்கும் தொழிலாளர்கள் என்று எல்லோருமே வருகிற கூட்டத்தை நம்பிப் பிழைப்பவர்கள். அதற்கு முந்தைய வருஷமும் மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய இதே கதிதான் அவர்களுக்கு.

அன்று அரசிடம் என் கோரிக்கை இதுதான்: தாலுகாவாரியாக எத்தனை பரிசோதனை, எத்தனை பேருக்குத் தொற்று என்று தினமும் வெளியிடுங்கள். கோயில் திறப்பதற்கு முன்னால் அடிவாரத்துக்காரர்களுக்குத் தடுப்பூசி போட்டு முடியுங்கள்.