பந்தலில் நட்ட மரம்

எங்கள் கொல்லையில் நிற்கும் கல்யாண முருங்கை, என் கல்யாணப் பந்தலில் நட்ட கொம்புதான். முகூர்த்தம் முடிந்ததும் என் மாமியார் அதை எடுத்து வேலியோரம் ஊன்றினார். உரமில்லை, கவனிப்பில்லை, பெய்த மழைக்கே வேர் பிடித்துவிட்டது.

மூன்றாம் வருஷம் தை மாசம். இலையெல்லாம் கொட்டி, முள்ளும் குச்சியுமாய் நின்றது. "பட்டுப் போச்சு, வெட்டிடலாம்" என்றார் என் கணவர். அரிவாளோடு ஆளும் வந்தாயிற்று. கல்யாண மரமாயிற்றே, எனக்கு மனசே சரியில்லை. அத்தைதான் நகத்தால் பட்டையைக் கீறிக் காட்டினார். உள்ளே பச்சைப் பசேல்! "பூக்கறதுக்கு முன்னாடி இலையைக் கொட்டும்ப்பா. கொஞ்சம் பொறு" என்றார். மாசியில் கிளையெல்லாம் செக்கச் செவேலென்று பூ. மைனாவும் தேன்சிட்டும் விடிந்ததிலிருந்து ஒரே கச்சேரி!

அவரை, துவரை இனம் இது. மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். மரம் மெத்தென்றிருப்பதால் கதவு, ஜன்னலுக்கு உதவாது. கேரளத்தில் மிளகுக் கொடி படர விட இதை நடுகிறார்கள். முள் இருப்பதால் வேலிக்கும் நல்லது.

நமக்கு வேண்டியது இலை. ஒரு ஆழாக்குப் புழுங்கலரிசியை ஊற வைத்து, நரம்பு நீக்கிய இலை ஒரு கைப்பிடி, மிளகு, சீரகம், உப்பு சேர்த்து அரைத்து, நல்லெண்ணெய் விட்டு மெல்லிசாக அடை வாருங்கள். ஜலதோஷக்காரர்கள் சூடாகச் சாப்பிட்டால் தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ அடையை நம்பி உட்காராதீர்கள்; உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

இன்னொன்று. இதன் விதை விஷம். என் பையன் ஒருநாள் காயை உடைத்து விதையை வாயருகே கொண்டுபோனதைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. அன்றிலிருந்து காய் முற்றுமுன்னே பறித்துவிடுகிறேன்.

இலையும் தளிரும் முடிச்சு முடிச்சாய் வீங்கியிருந்தால், அது 2004-ல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டு பெயரிட்ட ஒரு குட்டிக் குளவியின் வேலை. அந்த இலையைச் சமைக்காமல், கிளையோடு வெட்டி எரித்துவிடுங்கள்.

இப்போதும் தை மாசம் மரம் மொட்டையாக நிற்கும். இவர் அரிவாளைத் தேடுவதில்லை. பட்டையை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "அடைக்கு அரிசி இருக்கா?" என்கிறார்!