யாருடன், எப்போது, எவ்வளவு நேரம்

எதிர்வீட்டு ஆயா நான் பேசியதை ஒருநாளும் ஒட்டுக்கேட்டதில்லை. ஆயாவுக்குக் காது மந்தம். ராயபுரத்தில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கின் மாடிப்படி வாசலில், மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ராத்திரி அம்மாவிடம் சொல்வார்: "உம் பொண்ணு ஏழே முக்காலுக்கு வந்துச்சு. போன் காதுலயே இருந்துச்சு. அரைமணி நேரம் கீழயே நின்னு பேசிட்டு அப்பறம்தான் மேல ஏறுச்சு. நேத்தும் அப்படித்தான்." அவ்வளவுதான். என்ன பேசினேன் என்று ஆயாவுக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. மீதியை அம்மா நிரப்பிக்கொண்டார். அந்த மாதமே வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு தொடங்கியது. நான் பேசிக்கொண்டிருந்தது பாலிடெக்னிக் தோழியிடம், அரியர் பேப்பரைப் பற்றி.

ஆயா சேகரித்துக்கொண்டிருந்ததற்கு மெட்டாடேட்டா என்று ஒரு பெயர் இருப்பது நெட்வொர்க் வேலைக்குப் போனபிறகுதான் தெரிந்தது. யாருடன், எப்போது, எவ்வளவு நேரம். என்ன பேசினார்கள் என்பது அதில் சேராது.

வேலை மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகள் கஸ்டம்ஸ் வேலை முடியும்வரை வந்து கிடக்கும் இடம். திருவொற்றியூர், எண்ணூர்ச் சாலைகளில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லும் தூசியும் டீசல் வாசமும் புரியும். பெயருக்கு நான் நெட்வொர்க் இன்ஜினியர். பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவதும் என் வேலைதான். துப்புரவுப் பணியாளர்களைத் தவிர்த்தால், நானும் டாக்குமெண்டேஷன் பிரிவில் இருந்த நான்கைந்து பேரும்தான் அங்கே பெண்கள்.

2017இல் ஒரு பிரச்சினை வந்தது. தினமும் மதியம் மூன்று மணிக்குமேல் கேட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் உறைந்துபோகும். லாரி உள்ளே வராது, வெளியே போகாது. டிரைவர்கள் திட்டுவார்கள். வெயிலில் நிற்பவர்கள் அவர்கள்தானே. ஒயர் மாற்றினோம், கம்ப்யூட்டரே மாற்றினோம். கடைசியில் ஒயருக்குள் என்னதான் ஓடுகிறது என்று பார்ப்பதென்று முடிவானது.

பார்ப்பது என்றால் முதல் கேள்வி, எங்கே நின்று பார்ப்பது. முன்பு ஹப் என்று ஒரு பெட்டி இருந்தது. குழாயடி மாதிரி, ஒருத்தி பேசினால் குடம் வைத்திருக்கும் எல்லோர் காதிலும் விழும். அதில் கேட்பதற்குத் தனியாக எதுவும் செய்யவேண்டாம். ஸ்விட்ச் வந்தபிறகு அது மாறியது. யாருக்கான செய்தியோ அவருடைய போர்ட்டுக்கு மட்டும்தான் போகும்.

இங்கே ஒரு கதை. தொலைபேசியில் தானியங்கி ஸ்விட்ச் வந்ததற்கே ஒரு பெண்மேல் எழுந்த சந்தேகம்தான் காரணம் என்பார்கள். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் செய்துகொண்டிருந்தவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். எக்சேஞ்சில் உட்கார்ந்து இணைப்புக் கொடுத்த பெண், போட்டித் தொழில்காரரின் மனைவி. தனக்கு வரவேண்டிய அழைப்புகளை அவர் கணவருக்குத் திருப்பிவிடுகிறார் என்று ஸ்ட்ரோஜர் நம்பினார். நடுவில் ஆளே வேண்டாம் என்று ஒரு கருவி செய்து 1891இல் காப்புரிமை வாங்கினார். அந்தப் பெண்ணின் பெயர் நான் படித்த எதிலும் இல்லை. அவர் உண்மையிலேயே திருப்பிவிட்டாரா என்பதும் இல்லை.

சரி, ஸ்விட்சுக்கு வருவோம். அதில் போவதைப் பார்க்க நேர்மையான வழிகள் இரண்டு. ஒன்று, ஸ்விட்சிடமே சொல்வது: ஏழாம் போர்ட்டில் போவது வருவது எல்லாவற்றையும் நகலெடுத்து இருபத்துநாலாம் போர்ட்டுக்கு அனுப்பு. இதுதான் மிரர் போர்ட். சிஸ்கோ ஸ்விட்சில் ஸ்பான் என்பார்கள். இரண்டு வரிக் கட்டளை, பைசா செலவில்லை. ஒரே குறை, நெரிசல் கூடினால் ஸ்விட்ச் தன் சொந்த வேலையைத்தான் முதலில் பார்க்கும், நகலைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். போகவும் வரவும் ஒவ்வொரு கிகாபிட் ஓடுகிற ஒயரின் நகலை ஒரு கிகாபிட் போர்ட்டில் திணித்தால் வேறென்ன நடக்கும்?

இன்னொன்று டேப். ஒயரை நடுவில் வெட்டி ஒரு சின்னப் பெட்டியைச் செருகுவது. மெட்ரோ வாட்டர் லைனில் இன்னொரு குழாய் இழுப்பதுபோல. ஃபைபராக இருந்தால் மின்சாரம்கூட வேண்டாம். உள்ளே இருக்கும் பிரிப்பான் ஒளியில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் தள்ளிவிடும், மீதி தன் வழியே போகும். சான் பிரான்சிஸ்கோவில் ஏடி அண்டு டி நிறுவனத்தின் கட்டடத்தில், 641ஏ என்ற அறைக்கு இப்படித்தான் ஒளியைப் பிரித்து இழுத்திருந்தார்கள். அமெரிக்க உளவு அமைப்புக்காக அது நடந்தது என்பதை, அங்கே வேலை பார்த்த மார்க் கிளைன் என்ற டெக்னீஷியன் 2006இல் வெளியே சொன்னார்.

நேர்மையில்லாத வழியும் உண்டு. தபால்காரரிடம் போய் "அந்த வீட்டு ஆள் நான்தான்" என்று சொல்லிக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, ஒட்டி அனுப்புவது. ஏஆர்பி ஸ்பூஃபிங். இதற்கு ஸ்விட்சின் பாஸ்வேர்டும் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். ஒரே வைஃபையில் இருக்கும் அண்ணனோ புருஷனோகூட, அந்த வைஃபை தடுக்காதவரை, செய்துவிடலாம்.

நான் மிரர் போட்டேன். லேப்டாப்பில் வயர்ஷார்க். 1998இல் ஜெரால்டு கோம்ஸ் எத்தீரியல் என்ற பெயரில் வெளியிட்ட மென்பொருள் அது, இன்றும் இலவசம். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குத் திரையில் மஞ்சள் வரி வந்தது: ஒரே ஐபி முகவரியை இரண்டு பேர் கேட்கிறார்கள். எடைமேடையில் புதிதாக வைத்த பிரிண்டருக்கு யாரோ கேட் கம்ப்யூட்டரின் முகவரியையே கொடுத்திருந்தார்கள். மதிய ஷிப்டில் மட்டும் அதை ஆன் செய்வார்கள். முகவரியை மாற்றினேன். லாரிகள் நகர்ந்தன. அன்று எனக்குச் சமோசா வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்தச் சமோசாவின் பெருமை எனக்கு ஒரு வருஷம் ஓடியது. அதனால்தான் மறுவருஷம் மேலாளர் கூப்பிட்டு, "டாக்குமெண்டேஷன்ல அந்தம்மாவோட சிஸ்டத்தை ஒரு வாரம் பாரும்மா. பேப்பர் எதுவோ வெளிய போகுதுன்னு டவுட்டு. யார்கிட்டயும் சொல்லாத" என்றபோது, "சரி சார்" என்றேன். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கவில்லை. ஏன் அவரை மட்டும் என்று கேட்கவில்லை. பெரிய வேலையை நம்பிக் கொடுக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

அந்த அக்கா எனக்கு மதியச் சாப்பாட்டுத் தோழி. அவர் கொண்டுவரும் நெத்திலிக் குழம்பில் பாதி என் டப்பாவுக்கு வரும். மிரர் போர்ட்டின் இன்னொரு குணத்தை இங்கே சொல்லவேண்டும்: பார்க்கப்படும் கம்ப்யூட்டரில் எந்த அறிகுறியும் இருக்காது. வேகம் குறையாது, விளக்கு எரியாது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதும் நகல் வந்துகொண்டிருந்தது.

அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ்; உள்ளே இருப்பதைப் படிக்கமுடியாது. ஆனால் அது கன்டெய்னர் மாதிரி. சீல் உடையாமல் இருக்கும், வெளியே பெட்டியின் எண்ணைப் பெரிதாக எழுதியிருப்பார்கள், எங்கே போகிறது என்று கேட்டில் எல்லோருக்கும் தெரியும். தளத்தின் முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வி திறந்தபடி போகும். இணைப்பின் முதல் வணக்கத்திலும் தளத்தின் பெயர் வெளிப்படையாக இருக்கும். ஆறு நாள் ஒன்றுமில்லை. கஸ்டம்ஸ் தளம், ரயில் டிக்கெட், ஒரு பள்ளிக்கூடம். ஏழாம் நாள் மதியம், நான் கைகழுவப் போயிருந்த நேரத்தில், ஷீ-பாக்ஸ்.

தெரியாதவர்களுக்கு: பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பெண்கள் இணையத்தில் புகார் கொடுக்க மத்திய அரசு 2017இல் தொடங்கிய தளம். முதலில் மத்திய அரசு ஊழியர்களுக்கு, பிறகு அதே ஆண்டில் தனியார் துறைக்கும்.

நாற்பது நிமிடம். அந்தப் பக்கத்திலிருந்து வந்ததைவிட இந்தப் பக்கத்திலிருந்து போன பைட்டுகள் அதிகம். படிக்கிறவர்களுக்கு வருவதுதான் அதிகமாக இருக்கும். அதிகம் போயிருக்கிறதென்றால் ஏதோ கோப்பை இணைத்து அனுப்பியிருக்கிறார். இதைக் கண்டுபிடித்த சாமர்த்தியத்தில் எக்செல் தாளின் குறிப்புப் பத்தியில் அதையும் எழுதினேன். தேதி, நேரம், தளம், அளவு, குறிப்பு. ஆயாவைவிடச் சுத்தமாக.

மேலாளர் தாளைப் படித்தபோது அவர் முகம் மாறியது மட்டும் எனக்குத் தெரியும். புகார் யார்மீது என்று இன்றுவரை தெரியாது. இரண்டு வாரத்தில் அக்காவை எண்ணூரைத் தாண்டி இன்னொரு யார்டுக்கு மாற்றினார்கள். ஆறு மணிக்குமேல் ஷேர் ஆட்டோ கிடைக்காத இடம். ஒரு மாதம் போய்வந்தார். பிறகு நின்றுவிட்டார்.

அதன்பின்தான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். முன்னால் படித்திருக்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்கவேண்டும். எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் இருந்தது, அதில் இருந்தவர்களில் ஒருவர் வேலையை விட்டுப்போய் வெகுநாளாகியிருந்தது. அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு புகாரின் உள்ளடக்கத்தையும் புகார் கொடுத்தவரின் அடையாளத்தையும் வெளியிடக்கூடாது என்கிறது. உள்ளடக்கத்தை நான் வெளியிடவில்லை என்று சிலநாள் எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன்.

அரசாங்கம் ஒட்டுக்கேட்பதற்காவது தாளில் சில வேலிகள் உண்டு. தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் உள்துறைச் செயலர் மட்டத்தில் உத்தரவு வேண்டும் என்றது, காலவரம்பு வைத்தது. இணையத்துக்கு 2009இல் வந்த விதிகள் ஒரு உத்தரவுக்கு அறுபது நாள், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாள் என்கின்றன. எவ்வளவு பின்பற்றப்படுகிறது என்பது வேறு கதை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். எங்கள் கேட் பிரச்சினை நடந்த அதே வருஷம். ஆனால் 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காகவும், முதலாளியை இழப்பிலிருந்து காக்கவும், ஊழியரின் தரவைச் சம்மதம் கேட்காமலே பயன்படுத்த 7ஆம் பிரிவு இடம்கொடுக்கிறது. "பேப்பர் வெளிய போகுதுன்னு டவுட்டு" என்ற வாக்கியம் அதற்குள் சுலபமாக உட்கார்ந்துவிடும்.

இப்போது வேறு இடத்தில் வேலை. மிரர் போடாமல் இந்தத் தொழில் நடக்காது, போடுகிறேன். பழுது எந்த இரண்டு கருவிக்கு நடுவிலோ அவற்றை மட்டும் வடிகட்டுகிறேன். ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 96 பைட்டோடு வெட்டிவிடச் சொன்னால் வயர்ஷார்க் வெட்டிவிடும். பெரும்பாலான பழுதுக்கு அது போதும். ஒரு ஆளின் பெயரைச் சொல்லிப் பார்க்கச் சொன்னால், "மெயில் போடுங்க சார், ஹெச்ஆரையும் சேர்த்து" என்கிறேன். இதுவரை மூன்று பேர் கேட்டார்கள், ஒருவர்கூட மெயில் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டையார்பேட்டையில் டிப்ளமோ படிக்கும் பெண்கள் சிலருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். முதலில் அவரவர் போனையே பார்க்கச் சொல்வேன். தொடாமல் மேஜைமேல் கிடக்கும் போன் எத்தனை இடத்தோடு பேசுகிறது என்று பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். சென்ற மாதம் ஒருத்தி சிரிக்கவில்லை. "அக்கா, வீட்டு ரவுட்டர் எங்கண்ணன் கையில இருக்கு. நான் எந்த சைட் பாக்குறேன்னு அவனுக்குத் தெரியுமா?"

"நினைச்சா தெரிஞ்சுக்கலாம். உள்ள என்ன இருக்குன்னு தெரியாது."

"பேரு தெரிஞ்சா போதுமே அக்கா" என்றாள்.

அந்த அக்காவை ஒருமுறை மெட்ரோவில் பார்த்தேன், விம்கோ நகரிலிருந்து வரும் வண்டியில். மெலிந்திருந்தார். பக்கத்தில் இடம் போட்டுக் கூப்பிட்டார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார், ஆயாவைக்கூட விசாரித்தார். "அப்போ அங்க எனக்குன்னு பேச நீ ஒருத்திதான் இருந்தே" என்றார். டோல்கேட் வந்தது, புது வண்ணாரப்பேட்டை வந்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டுமுறை வாயைத் திறந்தேன். நான் இறங்கவேண்டியது வண்ணாரப்பேட்டையில். தண்டையார்பேட்டையிலேயே இறங்கிவிட்டேன்.